அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது: ஆபரேஷனைத் தாண்டி நாங்கள் பட்டதும் படித்ததும்

வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒருவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டால், வருகிறவர் போகிறவர் எல்லோரும் ஆபரேஷனைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த டாக்டர், எவ்வளவு ஆகும், கம்பி வைப்பார்களா, பந்து மாற்றுவார்களா. என் அம்மாவுக்கு 79 வயது. அந்த ஆபரேஷன் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. எங்களைப் புரட்டிப் போட்டதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை: ரத்தத்தில் இறங்கிய சோடியம் என்ற உப்பு, எடுக்காமல் விட்ட மூத்திர ட்யூப், ராத்திரிக் குழப்பம், முதுகில் புண், இன்ஷூரன்ஸில் வெட்டிய பணம். எலும்புக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர், கிட்னிக்கு ஒரு டாக்டர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள், அவரவர் வேலையைச் சரியாகவே செய்தார்கள். முழு ஆளையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை. அந்த வேலை கடைசியில் வீட்டு ஆட்கள் தலையில் விழுகிறது என்பதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் பாதி அவதி மிச்சமாகியிருக்கும். அதனால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் விழுந்த நேரம். விழுந்த பக்கத்துக் கால் கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தால், அது பெரும்பாலும் இடுப்பு எலும்பு முறிவுதான். எழுப்பி நிற்க வைத்துப் பார்க்கக் கூடாது, காலைப் பிடித்து இழுக்கக் கூடாது, தைலம் போட்டுத் தேய்க்கக் கூடாது. இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்து, கெட்டியான போர்வையோடு நான்கு பேராகத் தூக்கினால் வலி குறையும். 108-ஐக் கூப்பிட்டால் ஸ்ட்ரெச்சரோடு வருவார்கள், காரின் பின் சீட்டில் மடக்கி உட்கார வைக்கும் கொடுமை வேண்டாம். உறவுக்காரர் யாராவது கட்டுப் போடுகிற இடத்துக்குப் போகலாம் என்று சொல்வார்கள். கை மணிக்கட்டு முறிவுக்குக் கட்டு போதுமா போதாதா என்பது வேறு பேச்சு. தொடை எலும்பின் கழுத்து உடம்புக்குள் ஆழத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து எந்தக் கட்டும் அதை அசையாமல் பிடிக்க முடியாது. மேல் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டமும் அறுபட வாய்ப்பு உண்டு. மாதக் கணக்கில் படுக்கையில் கிடந்தால் நெஞ்சுச் சளி, காலில் ரத்தக் கட்டி, படுக்கைப் புண் என்று வரிசையாக வரும். இன்னொன்று: எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பியும் அவரால் காலை ஊன்ற முடியவில்லை என்றால், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். விலகாத கீறல் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் எல்லோரும் ஆதாரையும் பணத்தையும் எடுத்துக்கொள்வார்கள். அதோடு நாலு பொருள் கட்டாயம்: மூக்குக் கண்ணாடி, காது மெஷினும் அதன் பேட்டரியும், பல்செட் டப்பா, தினம் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையும். மாத்திரைச் சீட்டு போதாது, அட்டைகளே வேண்டும். சீட்டில் இருப்பது ஒன்று, உள்ளே போவது வேறு. மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை, பக்கத்து வீட்டில் கொடுத்த தூக்க மாத்திரை எல்லாம் எந்தச் சீட்டிலும் இருக்காது.

அடுத்தது ஆபரேஷனுக்குக் காத்திருப்பு. இங்கேதான் எனக்கு முதலில் கோபம் வந்தது. எக்கோ எடுக்க வேண்டும், இதய டாக்டர் ஃபிட்னெஸ் கொடுக்க வேண்டும், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிக்கொண்டே போனது. இங்கிலாந்தில் முதியோர் மருத்துவர்களின் சங்கமும் எலும்பு மருத்துவர்களின் சங்கமும் 2007-ல் கைகோத்து, இடுப்பு எலும்பு முறிவுக்கென்று ஒரு தேசியப் பதிவேடே தொடங்கின. எத்தனை மணி நேரத்தில் ஆபரேஷன் நடந்தது, முதியோர் மருத்துவர் வந்து பார்த்தாரா, மறுநாள் எழுந்து நிற்க வைத்தார்களா என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் கணக்குக் காட்ட வேண்டும். அங்கே வைத்திருக்கும் அளவு 36 மணி நேரம். காரணம் எளிமையானது. வலியோடு படுத்துக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நுரையீரலும் தசையும் மூளையும் பின்வாங்குகின்றன. ஆகவே தள்ளிப்போடும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறோம் சார், அது வந்தால் நீங்கள் செய்யப் போவதில் என்ன மாறும்?" சோடியம் மிகக் குறைவு, நெஞ்சில் நீர், ரத்தம் உறையாத மருந்து உள்ளே இருக்கிறது என்றால் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்பதற்காக மட்டும் ஒரு வாரம் தள்ளத் தேவையில்லை.

காத்திருக்கும் நேரத்தில் பட்டினியைக் கவனியுங்கள். "ராத்திரி 12 மணியிலிருந்து ஒன்றும் கொடுக்காதீங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் தியேட்டர் கிடைக்காமல் சாயங்காலம் ஆகும், அதற்குப் பிறகு நாளைக்கு என்பார்கள். வயதானவர் வாய் உலர்ந்து கிடப்பார். மயக்க மருந்து நிபுணர்களின் பொது விதி, திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். நேரம் தள்ளிப்போனதும் மயக்க மருந்து டாக்டரிடம் ஆள் அனுப்பி, தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டு வாங்குங்கள். வலிக்கும் அப்படித்தான். தொடை மடிப்பில் நரம்பு மரக்க ஒரு ஊசி உண்டு, அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவார்கள். அதைப் போட்டால் மயக்கம் தரும் வலி ஊசிகள் குறையும். பாராசிட்டமாலை வலி வந்தபோது மட்டும் கொடுக்காமல் நேரம் தவறாமல் கொடுத்தாலே கணிசமாக அடங்கும். டைக்ளோஃபெனாக் ஊசி நம் ஊரில் தண்ணீர் பட்ட பாடு. பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் போன்றவற்றோடு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு அதையும் போட்டால், சிறுநீரகம் சீக்கிரமே திணறலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் சாயங்காலம் அம்மா என்னை யார் என்று கேட்டாள். சுவரில் பூச்சி ஊர்கிறது என்றாள், இறந்துபோன தன் அண்ணனைக் கூப்பிட்டாள், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினாள். மறுநாள் காலையில் தெளிவாக இருந்தாள், பொழுது சாய்ந்ததும் திரும்ப ஆரம்பம். "வயசாயிடுச்சு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். கையைக் கட்டிலோடு கட்டினார்கள், ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மறதி நோய் வந்துவிட்டது, இனி அம்மா அம்மாவாக இருக்க மாட்டாள் என்றே நம்பிவிட்டேன். அதற்குப் பெயர் டெலிரியம். மறதி நோய் வருஷக் கணக்கில் மெல்ல வரும். இது மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும், ஏறி இறங்கும், காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் குறையும். சிலருக்கு முழுதாகத் தெளிய வாரங்கள் ஆகும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கத்துகிற டெலிரியத்தை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல், சாப்பிடாமல், எப்போதும் அரைத் தூக்கத்தில் கிடக்கிற டெலிரியமும் உண்டு. "பாட்டி நல்லா தூங்குறாங்க" என்று அதைக் கடந்து போய்விடுவார்கள். ஆபத்து அதில்தான் அதிகம்.

கண்டுபிடிக்க எடின்பரோவில் உருவான ஒரு நாலு கேள்விச் சோதனை உலகம் முழுக்கப் பயன்படுகிறது, இரண்டு நிமிஷ வேலை. விழிப்பாக இருக்கிறாரா என்று பார்ப்பது. வயது, பிறந்த நாள், இருக்கும் இடம், இந்த வருஷம் நான்கையும் கேட்பது. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது. திடீரென்று வந்த மாற்றமா என்று வீட்டாரிடம் விசாரிப்பது. பள்ளிக்கூடம் போகாதவர்களிடம் டிசம்பர், நவம்பர் என்று கேட்டுப் பயனில்லை. பங்குனி, மாசி, தை, மார்கழி என்று வரச் சொல்லுங்கள், கவனம் நிற்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். வீட்டில் நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே மாசியிலேயே நின்று வேறு பேச்சுக்குத் தாவினால், டியூட்டி டாக்டரிடம் "நேற்று வரை இப்படி இல்லை, புதிதாக வந்த குழப்பம்" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். புதிதாக வந்தது என்ற தகவல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நைட் டியூட்டிக்கு வந்தவருக்கு உங்கள் அம்மாவை அதற்கு முன் தெரியாது.

பிறகு காரணத்தைத் தேட வேண்டும். அம்மாவுக்கு ஒன்றல்ல, ஒரு கூட்டமே இருந்தது. சோடியம் 121. இருக்க வேண்டியது 135 முதல் 145. பிரஷருக்கு வருஷக் கணக்கில் சாப்பிட்ட மாத்திரையில் தையசைடு என்ற நீர் மருந்து சேர்ந்திருந்தது, அது சோடியத்தை இறக்கும். உப்பில்லாத கஞ்சியும் வலிக்குக் கொடுத்த டிரமடாலும் கூடச் சேர்ந்துகொண்டன. (சோடியத்தை ஏற்றுவதிலும் அவசரம் கூடாது. 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் ஏறினால் மூளை நரம்பே பாதிக்கப்படலாம். "சீக்கிரம் ஏத்துங்க" என்று நச்சரிக்காதீர்கள்.) மலம் போகவே இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. வலி மருந்து குடலைக் கட்டிவிடும், அடைத்த மலம் மூத்திரப் பையை நெரிக்கும், இரண்டும் சேர்ந்து ஆளைப் பித்துப் பிடித்தவர் போல ஆக்கும். மூத்திர ட்யூபை வசதிக்காக அப்படியே விட்டிருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு நாளில் அது எடுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு நாளும் ரவுண்ட்ஸில் "இன்னும் ட்யூப் எதுக்கு சார்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. எடுத்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் தானாகப் போகிறாரா என்று பார்க்க வேண்டும். போகவில்லை என்றால் ஸ்கேனில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று கேளுங்கள்.

மருந்தில்லாத வைத்தியம்தான் டெலிரியத்துக்கு முதல் வைத்தியம். ஷரோன் இனோயே என்ற அமெரிக்க முதியோர் மருத்துவர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிக்கு நாள், இடம் எடுத்துச் சொல்வது, கண்ணாடி, காது மெஷின் போட்டு விடுவது, நடக்க வைப்பது, தண்ணீர் கொடுப்பது, ராத்திரி தொந்தரவில்லாமல் தூங்க விடுவது என்று இவ்வளவுதான் செய்தார்கள். டெலிரியம் வந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தார்கள். இதில் எதற்கும் பெரிய படிப்பு தேவையில்லை, வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். ஜன்னல் பக்கத்துக் கட்டில் கேளுங்கள். பகலில் திரையை விலக்குங்கள், காலண்டர் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும்படி மாட்டுங்கள், முதுகைத் தாங்கி உட்கார வைத்துச் சாப்பாடு கொடுங்கள். ஐசியூவில் உள்ளே விட மாட்டேன் என்றால், குழப்பத்தைக் காரணம் சொல்லி, பழகிய முகம் ஒன்று சாயங்காலம் கொஞ்ச நேரம் இருக்க அனுமதி கேளுங்கள். பூச்சி ஊர்கிறது என்றால் வாதாட வேண்டாம், "நான் பார்த்துக்கறேன்மா" என்று சொல்லிப் பேச்சை மாற்றினால் போதும். கையைக் கட்டினால் கலவரம் கூடும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை வந்தால் மட்டும் கலவரத்தை அடக்கும் ஹாலோபெரிடால் மருந்து கால் மில்லிகிராம், அரை மில்லிகிராம் என்று மிகச் சின்ன அளவில் போதும். பார்கின்சன் நோய் இருப்பவருக்கு அது கூடவே கூடாது. இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மாத்திரைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அம்மா விழுந்ததற்கே காரணம் அங்கேதான் இருந்தது. பிரஷருக்கு அம்லோடிபின். அது சிலருக்குக் காலை வீங்க வைக்கும். வீக்கத்துக்கு இன்னொரு இடத்தில் ஃப்யூரோசமைடு என்ற நீர் மாத்திரை எழுதினார்கள். அதனால் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருப்பது கூடியது, எழுந்ததும் பிரஷர் இறங்கித் தலை சுற்றியது. தலைசுற்றலுக்கு புரோகுளோர்பெரசின் மாசக் கணக்கில் ஓடியது. அந்த மருந்து நீண்ட நாள் உள்ளே போனால் பார்கின்சன் மாதிரி நடையை இறுக்கிவிடும், கால் தேய்த்து நடக்க வைக்கும். தலைசுற்றலுக்கு நம் ஊரில் சகஜமாகக் கொடுக்கும் சின்னரிசினும் அப்படித்தான். அதைப் பார்த்துக் கைநடுக்கத்துக்கு டிரைஹெக்சிஃபெனிடில் சேர்த்தால் வாய் உலரும், மலம் கட்டும், புத்தி மங்கும். ஒரு மருந்தின் பக்க விளைவைப் புது நோய் என்று நினைத்து அடுத்த மருந்து எழுதிக்கொண்டே போகும் இந்தச் சங்கிலியை முதியோர் மருத்துவர்கள் முதல் வேலையாக அவிழ்ப்பார்கள்.

வயதானவர்களுக்கு ஆகாத மருந்துகள் என்று ஒரு பட்டியலை மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991-ல் தொகுத்தார். 2011 முதல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துச் சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது, 2023-லும் புதுப்பித்தது. நம் வீட்டு அலமாரியில் சாதாரணமாகக் கிடக்கும் பல பெயர்கள் அதில் உண்டு: அல்ப்ரசோலம், குளோனசெபம் போன்ற தூக்க மாத்திரைகள், குளோர்ஃபெனிரமின் கலந்த சளி மாத்திரைகள், அரிப்புக்கான ஹைட்ராக்சிசின், சுகருக்கான கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு. கடைசி இரண்டும் வயதானவர் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் சுகரை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக நீங்களாக நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரையை வருஷக் கணக்கில் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பே வரலாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரே டாக்டர் முன்னால் கொட்டி, "இதில் எது எதுக்கு, எதை நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். கூடவே படுத்திருக்கும்போது ஒரு பிரஷர், எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் ஒரு பிரஷர் எடுக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், விழுந்ததற்கான காரணம் பெரும்பாலும் கையில் கிடைத்தாற்போலத்தான். அம்மாவுக்கு உட்காரவே முடியாத கட்டத்தில்தான் இதை யோசித்தார்கள் என்பது இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

முதியோர் மருத்துவர் என்று ஒரு ஆள் இருக்கிறாரா என்று பலரும் கேட்கிறார்கள். இந்தியாவிலேயே இது முதலில் வேர் பிடித்தது சென்னையில்தான். டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ல் முதியோருக்கென்று தனிப் புறநோயாளி பிரிவைத் தொடங்கினார். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் 1996-ல் இதற்கென்றே எம்.டி. படிப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. முதியோர் மருத்துவர்களுக்கு இந்திய அளவில் சங்கங்களும் இருக்கின்றன, மாநாடு நடத்துகிறார்கள், வழிகாட்டுதல் எழுதுகிறார்கள். ஆனால் எலும்பு வார்டில் படுத்திருக்கும் நோயாளியின் கட்டில் வரை அது இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் குறை. ஆகவே நீங்களாகக் கேட்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் "ஜீரியாட்ரிக் ஒப்பீனியன் ஒன்று வேண்டும்" என்று ஆர்த்தோ டாக்டரிடம் சொன்னால் எழுதிக் கொடுப்பார். சின்ன ஊரில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால், பொறுமையாகப் பேசும் பொது மருத்துவர் ஒருவரைப் பிடித்து, மற்ற டாக்டர்கள் எழுதுவதெல்லாம் அவர் கண் வழியாகப் போகட்டும் என்று முடிவு செய்யுங்கள். எந்தச் சேவை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க 14567 என்ற முதியோர் உதவி எண் உண்டு, காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.

பணம். நாங்கள் ஏமாந்த இடம் அறை வாடகை. அம்மாவின் பாலிசி 3 லட்சம், அறை வாடகைக்கு உச்சவரம்பு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். அட்மிஷனில் 6,000 ரூபாய் அறைதான் காலி என்றார்கள். வித்தியாசம் 3,000-ஐ நாம் கொடுத்துவிட்டால் போதும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கணக்கு அப்படி ஓடாது. வரம்பைப் போல இரண்டு மடங்கு அறை என்றால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் சார்ஜ் எல்லாவற்றிலும் பாதியைத்தான் கொடுப்பார்கள். மருந்து, உள்ளே வைக்கும் இம்பிளாண்ட், டெஸ்ட் செலவு ஆகியவற்றில் இப்படி விகிதக் கழிவு செய்யக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது, பில்லில் அதிலும் கை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதன் பிறகு மூத்தவர் பாலிசியில் பங்குத் தொகை என்று, பில்லில் ஒரு பகுதியை நாமே கட்ட வேண்டிய ஒரு வெட்டு, கையுறை, டயப்பர் போன்றவை எங்கள் கணக்கில். எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது. வரம்புக்குள் அறை இல்லை என்றால் அதை ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவில் முறையிட்டு ஒரு மாதத்தில் வழி பிறக்கவில்லை என்றால் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 70 வயது முடிந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் வந்தது. ஆதார் இருந்தால் போதும். விழுந்த பிறகு ஓடாமல் இன்றைக்கே எடுத்து வையுங்கள். உங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கிறது, அங்கே எலும்பு ஆபரேஷன் அதில் வருமா என்பதை 14555-ல் கேட்டுக்கொள்ளலாம்.

டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கையில் ஒரு காகிதமும் வாக்கரும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து டயப்பர் மாற்றும்போதுதான் முதுகின் அடியில் கன்றிப்போன இடம் தெரிந்தது. அது ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்தது. விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு மறையவில்லை என்றால் அது முதல் நிலைப் புண். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஸ்பிரிட்டும் பவுடரும் போடக் கூடாது, நடுவில் ஓட்டை உள்ள வளையத்தை அடியில் வைக்கக் கூடாது. வளையம் சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தை இன்னும் கெடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 30 டிகிரி சாய்வில் பக்கம் மாற்றுங்கள், முதுகுக்கு ஒரு தலையணை முட்டுக் கொடுத்தால் அந்தச் சாய்வு வந்துவிடும். குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. காற்று மெத்தை வாங்கினால், ஆள் படுத்திருக்கும்போது மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். உங்கள் கைக்கும் அவர் இடுப்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் பலகையில் படுப்பதற்குச் சமம். மெத்தை இருக்கிறது என்று புரட்டாமல் விட்டுவிடவும் கூடாது. கறுப்பாகவோ நாற்றத்தோடோ புண் மாறினால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு சர்ஜனிடம் காட்டுங்கள்.

புண் ஆறவும் தசை திரும்பவும் புரதம் வேண்டும். நல்ல ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால் தசையில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ கரைந்திருந்தது. நோயாளி என்றால் சொல்லவே வேண்டாம். 50 கிலோ எடையுள்ளவருக்கு இந்தச் சமயத்தில் நாளுக்கு 60 முதல் 75 கிராம் புரதம் தேவை (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டு). நாம் கொடுக்கிற அரிசிக் கஞ்சியிலும் ரசம் சாதத்திலும் அதில் கால்வாசிகூடத் தேறாது. ஒரு முட்டை 6 கிராம், ஒரு டம்ளர் பால் 6 கிராம், 100 கிராம் மீன் 20 கிராமுக்குப் பக்கம். மூன்று வேளையாக இல்லாமல் ஆறு வேளையாகப் பிரித்து, கஞ்சியிலேயே பருப்பு மசித்து, பால் பவுடர் கலந்து கொடுத்தால் ஏறும். அரைத் தூக்கத்தில் ஊட்டாதீர்கள், நேராக உட்கார வைத்துக் கொடுத்து, முடித்த பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். சாப்பிடும்போது இருமினாலோ குரல் கரகரத்தாலோ உணவு நுரையீரலுக்குப் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

நடைக்கு வாக்கரின் உயரம் முக்கியம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரத்தில் கைப்பிடி வர வேண்டும். முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் செய்த கால், கடைசியில் நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால். பந்து மாற்றியவர்கள் தரையில் சப்பணமிட்டு உட்காரலாமா, எத்தனை நாளைக்குக் கூடாது என்று சர்ஜனிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ரத்தம் கட்டாமல் இருக்கும் ஊசியை ஆஸ்பத்திரியோடு நிறுத்திவிட்டார்களா என்றும் கேட்க வேண்டும். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அதை 35 நாள் வரை நீட்டுவது உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அடுத்த நாள் வரை பொறுக்க வேண்டாம்.

அட்டெண்டர் ஏஜென்சி ஒன்றில் ஒரு மாதச் சம்பளம் 25,000 ரூபாயை முன்பணமாக வாங்கினார்கள். வந்தவர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார், மாற்று ஆளும் இல்லை, பணமும் வரவில்லை. வாரக் கூலியாகக் கொடுக்கிற ஏற்பாட்டையே கேளுங்கள். மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வருகிறவருக்குப் பக்கம் புரட்டத் தெரியுமா, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றத் தெரியுமா என்று முதல் நாளே செய்து காட்டச் சொல்லுங்கள். டயப்பர் மாற்ற மட்டும் தெரிந்தவர்கள்தான் அதிகம் வருகிறார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாத இன்னொன்று எலும்புத் தேய்வு மருந்து. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது என்றாலே எலும்பு பலவீனமானதுதான், அடுத்த முறிவுக்கு அதுவே அச்சாரம். வைட்டமின் டி, கால்சியம், கிரியேட்டினின் பார்த்துவிட்டு, ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்து வருஷத்துக்கு ஒருமுறை சோலிட்ரானிக் ஆசிட் 5 மில்லிகிராம் டிரிப்ஸ் போடலாமா என்று கேளுங்கள். சிறுநீரகம் மிகவும் தளர்ந்திருந்தால் இது ஆகாது. போட்ட ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. அலெண்ட்ரோனேட் மாத்திரை என்றால் வாரம் ஒன்று, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். உணவுக்குழாய் வெந்துவிடாமல் இருக்கத்தான் அந்தக் கட்டுப்பாடு. வைட்டமின் டி 60,000 யூனிட் பொட்டலம் வாரம் ஒன்று என்று எட்டு வாரத்துக்கு எழுதுவார்கள். அதற்குப் பிறகும் மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி வாராவாரம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் குழப்பமும் வந்து, திரும்ப அதே ஆஸ்பத்திரியில் படுக்க நேரிடும். எட்டாவது பொட்டலம் தீர்ந்ததும் சீட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, அடுத்த அளவு என்ன என்று டாக்டரைக் கேளுங்கள். வாக்கரின் கால்களில் இருக்கும் ரப்பர் குமிழ்களையும் மாசத்துக்கு ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தேய்ந்து வழவழப்பானால் சர்ஜிக்கல் கடையில் தனியாகக் கிடைக்கும், நான்கையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும்.